படகுப் பிடி வைத்த வண்டி

என் லேத் பட்டறையில், வேலைச் சீட்டுகள் மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் இருக்க, அவற்றின் மேல் ஒரு பித்தளைப் பிடியை வைத்திருக்கிறேன். உள்ளங்கை நீளம்தான் இருக்கும். நுனியில் ஒரு குமிழ், அடியில் ஒரு வட்டத் தகடு. குமிழைப் பிடித்து முன்னால் தள்ளினால் தள்ளிய இடத்திலேயே நிற்கும். பின்னால் இழுத்தால் இழுத்த இடத்தில் நிற்கும். கையை எடுத்துவிட்டால் தானாகத் திரும்பி வராது. பட்டறைக்கு வருகிறவர்கள் வேலை முடியும்வரை பொழுது போகாமல் அதை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருப்பார்கள். "இன்னா நைனா இது, தண்ணிக் கொழாயா?" என்று ஒருவர் கேட்டார். விசைப்படகின் ஆக்சிலேட்டர் என்றேன். திருவொற்றியூர் லேத் பட்டறையில் படகின் பிடிக்கு என்ன வேலை என்று அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்குச் சொல்லியிருக்க மாட்டேன். களைப்பாக இருந்தது. இப்போதெல்லாம் எல்லா நாளுமே களைப்பாகத்தான் இருக்கிறது.

அது ஒரு மோட்டார் சைக்கிளில் இருந்த பிடி. அந்த மோட்டார் சைக்கிள் என் அக்கா புருஷனுடையது. மாமா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். ஒன்பது பத்து நாள் கடலில் இருந்துவிட்டுக் கரைக்கு வந்தால் முதல் நாள் முழுக்கத் தூங்குவார், மறுநாள் முழுக்கப் பேசுவார். மூன்றாம் நாள் வண்டியைத் துடைப்பார். பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி, நூறு சிசி. அவர் டிரைவர் ஆன வருஷம் வாங்கியது. கடற்கரைக் காற்றில் ஒரு வருஷத்தில் எந்த இரும்பும் துருவேறிவிடும். ஆனால் மாமாவின் வண்டியில் ஒரு புள்ளித் துரு பார்க்க முடியாது. படகு இன்ஜினுக்குப் பூசும் கிரீஸை எடுத்து வந்து போல்ட்டு போல்ட்டாகத் தடவி வைத்திருப்பார். "வண்டியத் தொட்டா வேட்டி கலீஜ் ஆவுது, இது இன்னா வண்டியா வத்தக் கொழம்பா?" என்று அக்கா திட்டுவாள். அவர் சிரிப்பார். எனக்கும் அவருக்கும் அந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் வாக்குவாதம்தான். எந்த மீன் ருசி, எந்தக் கட்சி உருப்படும், எந்த ஆயில் நல்லது என்று ஆரம்பித்தால் அக்கா சோற்றுத்தட்டை நடுவில் வைத்த பிறகுதான் நிறுத்துவோம். மச்சானும் மாமாவும் சண்டை போடாவிட்டால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

நான் அப்போது அத்திப்பட்டுப் பக்கம் ஒரு காண்ட்ராக்டரிடம் ஃபிட்டராக இருந்தேன். மேஸ்திரியோடு வாய்த்தகராறு வந்து, நாளையிலிருந்து வராதே என்று அனுப்பிவிட்டார்கள். அந்த மேஸ்திரி மாமாவுக்குப் பழக்கம். மாமா வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று தோன்றியது. அன்று காலைதான் அவருடைய படகு கரைக்கு வந்திருந்தது. "மனுசன் கண்ணத் தொறக்க முடியாம வந்துகீறாரு. ஒரு நாளு பொறுக்கக் கூடாதாடா?" என்று அக்கா கேட்டாள். நான் பொறுக்கவில்லை. மாமா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "நீ ஓட்டு, நான் பின்னாடி தூங்கிகினு வரேன்" என்று ஏறி உட்கார்ந்தார். எண்ணூர் நெடுஞ்சாலையில் எப்போதும்போல் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்று வரிசையை விட்டுப் பிரிந்து இடது பக்கம் இருந்த, கன்டெய்னர் அடுக்கும் யார்டுக்குள் திரும்ப ஆரம்பித்தது. லாரியின் பின்சக்கரங்களுக்கும் சாலையோர மணலுக்கும் நடுவில் ஒரு வண்டி போகும் அளவுக்கு இடம் இருந்தது. தூங்கிக்கொண்டு வருவதாக நான் நினைத்த மாமா என் தோளைத் தட்டினார். "இரு மச்சான். அவன் போவட்டும்" என்றார். இடம் இருக்கிறதே என்று நான் நுழைந்தேன். நீள லாரி திரும்பும்போது பின்சக்கரங்கள் எவ்வளவு உள்ளே ஒதுங்கி வரும் என்பது தினமும் அந்த ரோட்டில் போகிற எனக்குத் தெரியாததில்லை. எனக்கு முழங்கையில் நாலு தையல். மாமாவுக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவர் ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கேட்டது, "உனக்கு இன்னா ஆச்சி?" என்பதுதான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், ஏதோ ஒரு வழியாக இறங்கியிருக்கும். அன்று அவர் சொன்ன ஒரு வார்த்தையை நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் சொன்ன எல்லாவற்றையும் கேட்டேன். வெயில் இல்லை என்பார், இல்லை என்பேன். குழம்பில் உப்புக் கம்மி என்பார், கம்மிதான் என்பேன். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. அவரால் கடலுக்குப் போக முடியவில்லை. ஆடுகிற படகில் ஒற்றைக்காலோடு என்ன செய்ய? ஆனால் துறைமுகத்துக்குப் போகாமலும் இருக்க முடியவில்லை. வாரத்தில் மூன்று நாள் நான்தான் ஆட்டோ பிடித்து அவரைக் கூட்டிப் போவேன். அவரைப் பின்னால் வைத்துக்கொண்டு மறுபடி வண்டி ஓட்ட என்னால் முடியாது என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. படகு கட்டும் மேடையான ஜெட்டியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கரைக்கு வருகிற படகுகளின் இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, எதற்கு என்ன கோளாறு என்று சொல்வார். ஆட்கள் வந்து கேட்டுக்கொண்டு போவார்கள். மூன்றாவது ஜெட்டியில் ஒரு இன்ஜின் நின்றுபோனால் முதல் ஜெட்டியிலிருந்து அவரை யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். அப்படித் தூக்கிக்கொண்டு போகும்போது அவர் முகத்தைப் பார்க்க நான் நிற்க மாட்டேன், டீ வாங்கி வருவதாகச் சொல்லிப் போய்விடுவேன்.

வண்டி அக்கா வீட்டுச் சந்தில், பழைய வலையும் தார்ப்பாயும் போர்த்திக் கிடந்தது. முன்சக்கரத்தின் ஃபோர்க் வளைந்து, டேங்க் நசுங்கி, இடது பக்க இன்ஜின் மூடி உடைந்து. இரும்புக்கடைக்காரர் இரண்டு முறை வந்து கேட்டார். அக்கா கொடுத்துவிடலாம் என்றாள், மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு அரசாங்கத்தில் கொடுத்த, பின்னால் இரண்டு சின்னச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரை அவரிடம் காட்டினேன். மனு போடலாமா என்று கேட்டேன். சுற்றி வந்து பார்த்தார். "நல்லாத்தான் கீது. ஆனா அது அவரு வண்டி" என்றார். அந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய அன்று காலையில் என்னைக் கூப்பிட்டு, தார்ப்பாயை எடுக்கச் சொன்னார். "படகெல்லாம் கரையேத்தி வேல நடக்குது. நம்முளுதும் ஒண்ண ஏத்துவோம்" என்றார்.

தடைக்காலத்தில் எங்கள் துறைமுகத்தைப் பார்த்திருக்கிறவர்களுக்கு அது புரியும். கடலுக்குப் போக முடியாத அந்த இரண்டு மாதத்தில்தான் படகுகளைக் கரையில் ஏற்றி, பலகை மாற்றி, இன்ஜினைப் பிரித்து, பெயின்ட் அடிப்பார்கள். வெல்டிங், தச்சு, பெயின்ட் என்று எல்லா ஆட்களும் அங்கேயே இருப்பார்கள். பிள்ளைகுட்டி எல்லாரும் பகலில் படகின் நிழலில்தான். இரண்டு படகுகளுக்கு நடுவில் ஒரு மரக்கட்டை மேல் மாமாவின் வண்டியை ஏற்றினோம். வண்ணாரப்பேட்டையிலிருந்து டிங்கர் பாய் ஒருவர் வந்தார். நசுங்கிய டேங்கை அறுத்து, தட்டி, பற்றவைத்துக் கொடுக்க அவரை விட்டால் ஆள் இல்லை. வண்டியைப் பார்த்ததும், "யா அல்லா, இதை ஓட்டறதுக்கு ரிப்பேர் பண்றீங்களா, பொதைக்கறதுக்கு ரிப்பேர் பண்றீங்களா?" என்றார். ஆனால் மறுநாள் காலையிலேயே கட்டையும் சுத்தியலுமாக வந்துவிட்டார்.

பழைய வண்டியைப் பழையபடி ஆக்குவது மாமாவின் எண்ணமே இல்லை. இந்த உடம்புக்கு ஏற்ற வண்டியாக அது மாற வேண்டும். நின்றால் ஊன்ற இடது கால் இல்லை. அதனால் இடது பக்கம் ஒரு சட்டம் நீட்டி, ஸ்கூட்டர் சக்கரம் ஒன்றை மாட்டி, அதன் மேல் டூல்ஸ் வைக்க ஒரு தகரப் பெட்டி. பெட்டியின் மூடியில் ஒரு ஆள் உட்காரலாம். கியர் போடவும் இடது கால் இல்லை. அதனால் கியர் தண்டை இன்ஜினுக்குப் பின்னால் குறுக்காகக் கொண்டுபோய், வலது பக்கம் டேங்கை ஒட்டி மேலே எடுத்து, கையால் போடும்படி மாற்றினேன். அந்தத் தண்டையும், அது உட்கார்ந்து திரும்பும் வளையங்களான புஷ்களையும், அப்போது நான் வேலைக்குச் சேர்ந்திருந்த பட்டறையின் லேத்தில் நானே கடைந்தேன். மூன்று முறை தப்பாகி நாலாம் முறை சரியாக உட்கார்ந்தது. கிளட்ச் இடது கையில், பின் பிரேக் வலது காலில், கிக்கரும் வலது காலில். மிச்சம் இருந்த படகுப் பெயின்ட்டையே அடித்தார்கள். படகின் பக்கவாட்டில் பெயர் எழுதும் ஆளைக் கூப்பிட்டு, டூல்ஸ் பெட்டியில் அக்காவின் பெயரை எழுதச் சொன்னார் மாமா. அக்கா வந்து பார்த்தாள். "ஒரு காலு போச்சி, மிச்சம் ஒண்ணு கீதேன்னு கவலையா? இதுல என் பேரு வேற" என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள். ஆனால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனாள்.

ஆக்சிலேட்டரில்தான் வந்தது வினை. உடைந்து கூடிய மணிக்கட்டோடு கைப்பிடியை முறுக்கிப் பிடித்தால் அவருக்கு வலிக்கும். அதற்கு ஒரு வழி வேண்டும் என்பது சரி. மாமா ஒரு பழைய படகிலிருந்து கழற்றி வைத்திருந்த இந்தப் பித்தளைப் பிடியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். முன்னால் தள்ளினால் வேகம், பின்னால் இழுத்தால் குறையும், விட்டால் அங்கேயே நிற்கும். பாய் அதை ஆட்டிப் பார்த்துவிட்டு, ஸ்பிரிங் எங்கே என்று கேட்டார். "ஸ்பிரிங்கு எதுக்கு பாய்? கையெடுத்தா இன்ஜின் அடங்கிப் பூடணுமா? கடல்ல அப்பிடி அடங்கிச்சின்னா அல கவுத்துடும். நான் கியரு போட கையெடுக்கணும், மூஞ்சத் தொடைக்க கையெடுக்கணும். வண்டி அதும்பாட்டுக்குப் போவணும்" என்றார் மாமா. இருபது வருஷம் அந்தப் பிடியை வைத்துக்கொண்டு கடலில் திரிந்த கை. அவருக்கு அது இயல்பு. பாய் என்னைப் பார்த்தார். மாமாவும் என்னைப் பார்த்தார். "இன்னா மச்சான், சரிதானே?"

சரியில்லை என்பது எனக்குத் தெரியும். கடலில் குறுக்கே யார் வருகிறார்கள்? படகுக்கு பிரேக் ஏது? ரோட்டில் கையை எடுத்தால் வேகம் இறங்க வேண்டும் என்பது வண்டி ஓட்டுகிற யாருக்கும் தெரிகிற விஷயம். எனக்கு நாக்கு வரை வந்தது. ஆனால் நான் யார் அவருக்கு வண்டியைப் பற்றிச் சொல்ல? லாரியின் பின்சக்கரத்துக்குள் கொண்டுபோய் விட்டவன். "சரி மாமா" என்றேன். அன்றே கேபிளை இழுத்து, பிடியை என் கையாலேயே முடுக்கி மாட்டினேன்.

தடைக்காலம் முடிவதற்கு முந்தைய நாள் பகலில் படகுகளுக்குப் பூஜை. முன்பக்கம் மாலை, எலுமிச்சை, கற்பூரம். மாமாவின் வண்டிக்கும் மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்தார்கள். அது என்ன, வண்டியா படகா என்று எல்லாரும் கிண்டல். மாமா ஏறி உட்கார்ந்து வலது காலால் ஒரே உதை. இன்ஜின் எழுந்த சத்தத்தைக் கேட்டு ஒரு நிமிஷம் அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் யார் கையையும் பிடிக்காமல் அந்த ஜெட்டியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மூன்றாம் முறை திரும்பி வரும்போது, இரண்டு படகுகளுக்கு நடுவிலிருந்து ஐஸ் கூடையோடு ஒரு பெண் குறுக்கே வந்துவிட்டாள்.

அடுத்து நடந்தது மூன்று நொடிதான் இருக்கும், நான் அதை மூவாயிரம் தடவை பார்த்திருக்கிறேன். மாமா பிரேக்கை மிதிக்கவில்லை. கையை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்து, கியர் தண்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். படகு டிரைவர் செய்வது அதுதான். எதிரில் ஏதாவது வந்தால் கியரைப் பின்னால் போட வேண்டும், சுழலி திரும்பிச் சுற்றிப் படகை நிறுத்தும். வண்டியில் ரிவர்ஸ் ஏது? கீழ் கியர் விழுந்தது. ஆக்சிலேட்டர் வைத்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. வண்டி ஒரு துள்ளுத் துள்ளியது. அவர் அந்தப் பெண்ணை இடிக்காமல் ஹேண்டில்பாரைத் திருப்பினார், அந்தப் புத்தி மட்டும் தப்பவில்லை. பக்கச் சக்கரம் படகு கட்டும் இரும்புத் தூணில் மோதியது. மாமா வலைக்குவியல் மேல் போய் விழுந்தார். மாலை போட்ட வண்டி, அக்காவின் பெயரோடு, இரண்டு படகுகளுக்கு நடுவில் தண்ணீரில் இறங்கிற்று.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் ஜெட்டியே சிரித்தது. "தடை முடியறதுக்குள்ளயே கடலுக்குப் பூட்டாரு டிரைவரு" என்று ஒருவன் கத்தினான். கூடை தவறிப்போன அந்தப் பெண்ணும் சிரித்தாள். மாமாவும் சிரித்தார். நான் மட்டும் வலைக்குவியலின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே, "தெரியும் மாமா, எனக்குத் தெரியும், ஸ்பிரிங்கு இல்லாம கூடாதுன்னு அன்னிக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிப்பு நின்றுபோனது. ஐஸ் தண்ணீர் முதுகில் பட்டதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுற்றி நின்றவர்களை, போய் வேலையைப் பாருங்கள் என்று அனுப்பினார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார்:

"தெரிஞ்சிகினேதான் மாட்டினியா? ரெண்டு வருசமா பாத்துகினுதான் கீறேன். ராவப் பகல்னு சொன்னாலும் ஆமான்ற. காலு பூட்டது எனக்கு. வாயி பூட்டது உனக்கா? எனக்கு ஒரு மச்சான் இருந்தான், மூஞ்சிக்கு நேரா சண்ட போடுவான். காலக் கூட உட்டுட்டேன், அவனும் போய்ட்டானேன்னு எத்தினி நாளு படுத்துகினு யோசிச்சிகீறேன் தெரியுமா?"

அவரே தொடர்ந்தார். "அந்தப் பொண்ணு மேல ஏத்தியிருந்தா? அப்பவும் சரி மாமான்னு சொல்லியிருப்பியா?" என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். அப்புறம் அதே கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டே எழுந்து நின்றார்.

வண்டியைப் படகில் வலை இழுக்கும் வின்ச்சில் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். கடலில் மூழ்கிய இன்ஜினை எப்படிக் காப்பாற்றுவது என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காற்றுப் பட்டால் உப்பு தின்ன ஆரம்பித்துவிடும், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றி, நல்ல தண்ணீர் விட்டு அலசி, கிக்கரை உதைத்து உள்ளே இருந்ததைத் துப்பவைத்து, இன்ஜினை அப்படியே டீசல் டிரம்முக்குள் இறக்கிவிட்டோம். மறுநாள் படகுகள் எல்லாம் கடலுக்குப் போய்விட்டன. காலியான கரையில் மரக்கட்டை மேல் ஒரு வண்டியும் நாங்கள் மூன்று பேரும்தான்.

இரண்டாம் முறை வண்டி கட்டிய அந்த ஒன்றரை மாதம் முழுக்கச் சண்டை. முதல் இரண்டு நாள் எனக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. மாமா ஏதாவது சொன்னால் வாய் தானாக 'சரி' என்று ஆரம்பிக்கும். பாய் சுத்தியலால் தகரத்தை ஒரு தட்டுத் தட்டுவார், 'முடியாது' என்று மாற்றிக்கொள்வேன். பக்கச் சக்கரம் இன்னும் ஒரு சாண் வெளியே இருக்க வேண்டும் என்றேன், சந்தில் திரும்பாது என்றார். நூல் பிடித்து அளந்து காட்டினேன், நூல் தப்பு என்றார். கியர் தண்டு பின்னால் இழுக்கும்படி இருக்கக் கூடாது, மேலும் கீழுமாகத்தான் இருக்க வேண்டும், பின்னால் இழுக்கிற மாதிரி எது இருந்தாலும் உன் கை ரிவர்ஸ் தேடும் என்றேன். அதற்கு மட்டும் அவர் ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தார். மணிக்கட்டு நோகாமல் கட்டைவிரலால் தள்ளுகிற மாதிரி ஒரு ஆக்சிலேட்டர் செய்து, மெலிசான ஸ்பிரிங் போட்டேன். விரலை எடுத்தால் பட்டென்று திரும்பிவிடும். ஒரு வாரம் அதைத் திட்டிக்கொண்டே பழகினார். பழைய பித்தளைப் பிடியைக் கழற்றியதும் என் மடியில் வீசினார். "இந்தா, நீயே வெச்சிக்கோ. அடுத்த தபா சரி மாமான்னு சொல்ல வாயத் தொறந்தா இத்தப் பாரு" என்றார்.

வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, இந்த உடம்புக்காக மாற்றிய வண்டி என்று எழுதி வாங்க நாங்கள் அலைந்த கதை தனி. வாங்கினோம். அதன் பிறகு ஏழு வருஷத்துக்கு மேல் மாமா அதை ஓட்டினார். காசிமேட்டில் எந்த ஜெட்டியில் இன்ஜின் மக்கர் செய்தாலும் அடுத்த ஐந்து நிமிஷத்தில் அந்த டூ-ஸ்ட்ரோக் சத்தம் கேட்கும். கடலுக்குப் போகாத டிரைவருக்கு மறுபடி டிரைவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் காலை என்னைப் பெட்டி மேல் உட்காரவைத்துக்கொண்டு எண்ணூர் ரோட்டில் போனார். எங்கே போகிறோம் என்று கேட்டேன், சும்மா என்றார். அந்த யார்டு வாசல் வந்தது. கன்டெய்னர் லாரி ஒன்று இடது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அன்று இருந்த அளவுக்கே இடம் இருந்தது. மாமா கட்டைவிரலை எடுத்தார், வண்டி அடங்கி நின்றது. "இருப்போம். அவன் போவட்டும்" என்றார், என்னைப் பார்க்காமலே. லாரியின் பின்சக்கரங்கள் எங்களுக்கு நாலடி முன்னால் மணலை அரைத்துக்கொண்டு போயின. நான் பெட்டியின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தேன். அது முழுதாகப் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றோம். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்துத் திட்டினான். அப்புறம்தான் கிளம்பினோம்.

சர்க்கரை அவருக்கு முன்பே இருந்தது. கடைசியில் வலது பாதத்தில் ஒரு புண் வந்து ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் இருபது நாள் வைத்திருந்து, இந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம் நான் பார்க்கப் போயிருந்தேன். அக்கா அவர் பாதத்துக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே சந்தில் வண்டி நின்றது. மாமா ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே, "மச்சான், வண்டிய வெளிய எடு. ஆர்பர் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடுவோம். நீ பொட்டி மேல குந்திக்கோ, நான் ஓட்டறேன்" என்றார்.

"முடியாது மாமா. பிரேக்கு புடிக்கற காலு அது."

"ஒரே ஒரு ரவுண்டு."

"முடியாதுன்னா முடியாது. புண்ணு ஆறட்டும், அப்பால பாத்துக்கலாம்."

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். சிரித்தார். "பாத்தியா, நல்லாப் பேசக் கத்துகினான்" என்று அக்காவிடம் சொன்னார். அவருக்கு அதில் உண்மையிலேயே சந்தோஷம். நானும் பெருமையாகத்தான் கிளம்பி வந்தேன். சொல்ல வேண்டியதைச் சரியான நேரத்தில் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். பதினோராம் நாள் அவர் போய்விட்டார். மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்து, சந்தில் வண்டிக்குப் பக்கத்தில் கால் கழுவிக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்கு அது தோன்றியது. அவர் ஓட்டக் கூடாது, சரி. நான் ஓட்டியிருக்கலாமே. அவரைப் பெட்டி மேல் உட்காரவைத்து, பாதத்துக்கு ஒரு தலையணை போட்டு, மெதுவாக, துறைமுகம் வரைக்கும் நான் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். பத்து நிமிஷ வழி. அந்த விபத்துக்குப் பிறகு அவரை வைத்துக்கொண்டு நான் ஒரு முறைகூட வண்டி ஓட்டியதில்லை. அதனால் அப்படி ஒரு வழி இருப்பதே எனக்கு எட்டவில்லை. ஒருவேளை அவருக்கு எட்டியிருக்கும். என்னைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று விட்டிருப்பார்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. எண்ணூர் ரோட்டில் லாரிகள் அதே மாதிரிதான் நிற்கின்றன, நான் பஸ்ஸில் போய் வருகிறேன். வண்டி இன்னும் அக்கா வீட்டுச் சந்தில்தான் இருக்கிறது. அவள் அதன் மேல் தார்ப்பாய் போர்த்த விடுவதில்லை. எங்கே கற்றாளோ, வாரம் ஒரு முறை போல்ட்டு போல்ட்டாக கிரீஸ் தடவி வைக்கிறாள். போன வாரம் கேட்டாள்: "வண்டி சும்மாதானே கீது. ஒரு நாளு என்ன ஏத்தினு போய் ஆர்பர்ல வுடேன்டா. அவரு குந்தியிருந்த எடத்தப் பாத்துட்டு வரேன்." பார்க்கலாம் அக்கா என்றேன். சரி என்றும் வரவில்லை, முடியாது என்றும் வரவில்லை.

இன்று மத்தியானம் புஷ் கடைய வந்த ஒருவர் காத்திருந்த நேரத்தில் இந்தப் பித்தளைப் பிடியை முன்னால் முழுக்கத் தள்ளிவிட்டுப் போய்விட்டார். வேலை முடிந்து விளக்கை அணைக்கும்போதுதான் கவனித்தேன். அது அப்படியே நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் போய், குமிழைப் பிடித்து, பின்னால் இழுத்து வைத்தேன். அப்புறம் அக்காவுக்கு போன் போட்டு, நாளைக்குக் காலையில் ரெடியாக இரு என்று சொன்னேன்.